நிரலுக்கேற்ற பட்டறை

பவானியாறு வளம் பெருக்கும் கொங்கு நாட்டு ஊர்களுள் சத்தியமங்கலம் ஒன்று. வடக்கே திம்பம் மலை அரண்போல் நிற்கும். ஆற்றங்கரையில் கரும்பும் வாழையும் மஞ்சளும் செழித்து விளங்கும். பொழுது புலரும் வேளையில் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் பூச்சந்தையில் வந்து குவியும். இவ்வூரினின்று ஆற்றின் வழியே கீழ்த்திசை சென்றால், அது காவிரியோடு கலக்கும் பவானி நகரில் ஜமக்காளத் தறிகளைக் காணலாம். தென்மேற்கே சென்றால், கோயம்புத்தூரில் இரும்பைக் கடையும் லேத் பட்டறைகளைக் காணலாம்.

ஜமக்காளம் நெய்யும் தறியில் மெல்லிய பட்டு நெய்ய முற்படுவார் எவரும் இலர். பம்புக்குரிய அச்சினைக் கடைவதற்குத் தச்சனுடைய இழைப்புளியை எடுப்பாரும் இலர். செய்யும் தொழிலுக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்துகொள்வதே தொழிலறிவின் தொடக்கமாகும். கைத்தொழிலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, அறிவுத் தொழிலாகிய நிரலாக்கத்திற்கும் பொருந்தும்.

கணினி தானாக எதனையும் செய்வதன்று. இன்னது செய்க, அதன்பின் இன்னது செய்க என மனிதன் வரிசைப்படுத்தி எழுதித் தரும் கட்டளைகளின்படியே அது இயங்கும். அக்கட்டளைத் தொகுதியே நிரல் எனப்படும். நிரல் எழுதுவோனுக்கு மூன்று கருவிகள் இன்றியமையாதன. கட்டளைகளை எழுதவும் மாற்றவும் உதவுவது திருத்தி. எழுதியவற்றைப் பொறிக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துத் தருவது நிரல்பெயர்ப்பி. ஒவ்வொரு வரியாக நிரலை நடத்திப் பார்த்து, எங்கே கணக்குத் தவறுகிறது என்று கண்டறிய உதவுவது பிழைகாணி. இம்மூன்றும் ஒரே கூரையின்கீழ் அமைந்த பட்டறைக்கே ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல் என்று பெயர். ஐ.டி.இ. என்று சுருக்கமாக வழங்குவதும் அதுவே.

இத்தகைய பட்டறை தொடக்கத்தில் இல்லை. 1963 ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணினி வந்து சேர்ந்தது. 1973 ஆம் ஆண்டில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 வகைக் கணினி நிறுவப்பட்டது. அக்காலத்து மாணவர்கள் நிரலை அட்டைகளில் துளையிட்டு எழுதினர். ஓர் அட்டைக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு 80 இடங்கள். அட்டைக் கட்டைக் கணினி அறையில் ஒப்படைத்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருப்பர். ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருப்பினும் உழைப்பு வீணாகும். மீண்டும் துளையிட்டு, மீண்டும் காத்திருத்தல் வேண்டும். எழுதுதல் ஓரிடம், பெயர்த்தல் வேறிடம், பிழை காணுதல் பிறிதோரிடம் என்று தொழில் சிதறிக் கிடந்தது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் அமெரிக்க நாட்டு டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர்களான ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் குறிப்பிடத்தக்கவர்கள். 1964 ஆம் ஆண்டில் அவர்கள் பேசிக் என்னும் எளிய மொழியை உருவாக்கினர். மாணவன் தட்டச்சுப் பொறி போன்ற கருவியின் முன் அமர்ந்து நிரலை எழுதலாம், அவ்விடத்திலேயே இயக்கலாம், விடையையும் உடனே பெறலாம். ஒருங்கிணைந்த சூழலின் வித்து அங்கே ஊன்றப்பெற்றது எனலாம்.

அவ்வித்து வீடுதோறும் வளர வழி வகுத்தது டர்போ பாஸ்கல். 1983 ஆம் ஆண்டில் போர்லாண்டு என்னும் நிறுவனம் இதனை 50 டாலருக்கும் குறைந்த விலையில் விற்றது. இதன் நிரல்பெயர்ப்பியை ஆக்கியவர் டென்மார்க் நாட்டு ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்பவர். நிரலில் பிழை நேர்ந்தால், பிழையுள்ள இடத்திற்கே எழுத்துக்குறி தானே சென்று நிற்கும். பிழையைத் திருத்தியவுடன் நிரலை மறுபடி இயக்கலாம். நாட்கணக்கில் நடந்த வேலை நொடிக்கணக்கில் நடந்தது. பிழை செய்யும்போதே அதனை உணரும் மாணவன் விரைந்து கற்பான். இப்பட்டறைகளின் பெரும்பயன் இதுவே ஆகும்.

அந்நிறுவனமே 1990 ஆம் ஆண்டில் டர்போ சி++ என்னும் பட்டறையை வெளியிட்டது. நீலநிறத் திரையும் மஞ்சள் எழுத்துகளும் உடைய அது இந்தியப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நெடுங்காலம் நிலைபெற்றது. உலகில் புதிய பட்டறைகள் பல தோன்றிய பின்னரும், பழகிய காரணத்தால் பலர் அதனை விடாது பற்றி நின்றனர். பழக்கம் துணையாவதும் உண்டு, தளையாவதும் உண்டு. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

சத்தியமங்கலத்து மாணவன் ஒருவன் பூச்சந்தைக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதுவதாகக் கொள்ளலாம். கிலோ 200 ரூபாய் வீதம் 200 கிலோ மல்லிகை விற்றால் வரவேண்டிய தொகை எவ்வளவு? நான்காம் வகுப்புச் சிறுவனும் 40,000 ரூபாய் என்று கூறுவான். முழு எண் என்னும் வகையில் எடையையும் விலையையும் வைத்து, டர்போ சி++ பட்டறையில் அம்மாணவன் அவற்றைப் பெருக்குகிறான். திரையில் தோன்றும் விடையோ −25,536! பூ விற்ற உழவன் பணம் பெறுவதற்கு மாறாக, 25,536 ரூபாய் கடன்பட்டவன் ஆகிறான். அதே கணக்கைப் புதிய பட்டறை ஒன்றில் இட்டால் 40,000 என்றே விடை வருகிறது.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? டர்போ சி++ பழைய 16 பிட் கணினிகளுக்கென அமைந்தது. அதில் ஒரு முழு எண்ணுக்கு இரண்டு பைட் இடமே உண்டு. அவ்விடத்தில் −32,768 முதல் 32,767 வரையுள்ள எண்களே அடங்கும். சக்கரம் ஒரு சுற்று முடிந்தபின் மறுபடி தொடக்கத்திற்கு வருவதுபோல, எல்லை கடந்த எண் எதிர்ப்பக்கம் சென்று விழும். 40,000 இல் 65,536 ஐக் கழித்தால் −25,536 எஞ்சும். புதிய பட்டறைகளின் நிரல்பெயர்ப்பிகள் முழு எண்ணுக்குப் பொதுவாக நான்கு பைட் இடம் தருகின்றன. ஆதலின் அங்கே விடை பிழைபடவில்லை.

குறை இஃது ஒன்று மட்டுமன்று. சி++ மொழிக்கு உலகப் பொதுவான இலக்கணம் 1998 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. டர்போ சி++ அதற்கு முற்பட்டது. ஆகவே, அங்கே பிழையின்றி இயங்கிய நிரலைப் பிற பட்டறைகள் ஏற்க மறுக்கும். 64 பிட் விண்டோஸ் கணினிகளில் அப்பழைய பட்டறை நேரே இயங்குவதும் இல்லை. பழைய கணினியைப்போல் நடிக்கும் வேறொரு மென்பொருளின் துணை அதற்கு வேண்டும். ஒரு மொழியை வழக்கிறந்த இலக்கணத்தின்படி கற்ற மாணவன், வேலைக்களத்தில் அதனை மறந்து மீண்டும் கற்க நேரிடும். தேர்வில் மதிப்பெண் தந்த பட்டறை, வாழ்வில் துணை நில்லாது போகும்.

இதனை உணர்ந்து பாடநூல்களும் மாறின. தமிழ்நாட்டில் 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் டெவ் சி++ என்னும் திறந்த மூலப் பட்டறையை அறிமுகப்படுத்தியது. 2019 ஆம் ஆண்டில் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தான் மொழியையும், அதனுடன் வரும் ஐடில் என்னும் சிறிய பட்டறையையும் கற்பித்தது. இவ்விரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. ஏழை மாணவனும் தன் கணினியில் அமைத்துக்கொள்ளத் தக்கவை.

ஐடிலுக்குத் தமிழ் மாணவர் போற்றத்தக்க மற்றொரு சிறப்பும் உண்டு. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 ஆம் ஆண்டு முதல் யூனிகோட் எழுத்துகளை ஏற்கிறது. ஆகவே, எடை, விலை, தொகை என்று தமிழிலேயே பெயரிட்டுக் கணக்கிடலாம்; விடையையும் தமிழில் அச்சிடலாம். முத்தையா அண்ணாமலை என்பார் இதனினும் ஒருபடி முன்னே சென்று, கட்டளைச் சொற்களும் தமிழாகவே அமைந்த எழில் என்னும் நிரல்மொழியை ஆக்கியுள்ளார். தாய்மொழியில் சிந்திக்கும் சிறுவனுக்கு நிரலாக்கம் அயலார் வித்தை அன்று என்பதை இம்முயற்சிகள் உணர்த்துகின்றன.

இனி, ஒரு மாணவன் தனக்குரிய பட்டறையைத் தேர்வது எங்ஙனம்? அவன் தன்னைத்தானே சில வினாக்கள் வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, எழுதப்போகும் மொழி யாது? பைத்தானுக்கு ஐடிலும் தோனியும் ஏற்றவை. சி++ மொழிக்கு டெவ் சி++, கோட் பிளாக்ஸ் முதலியன உள்ளன. ஜாவா கற்போருக்கென்றே புளூஜே என்பது ஆக்கப்பட்டது. எக்லிப்ஸ், நெட்பீன்ஸ் போன்றவை பெரும்பணிகளுக்கு உரியவை.

இரண்டாவது, கணினியின் வலிமை எத்தகையது? கைப்பேசிச் செயலிகளை ஆக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ குறைந்தது 8 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்று கேட்கும். 2 ஜி.பி. நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில் அதனை ஏற்றுவது, இளங்கன்றைச் செக்கில் பூட்டுவதை ஒக்கும். அக்கணினியில் ஐடிலோ கியானியோ தங்குதடையின்றி ஓடும். பெரிய பட்டறை கிடைக்கவில்லையே என்று வருந்துவோன், சிறிய பட்டறையில் நூறு நிரல்களை எழுதி முடித்தவனுக்குப் பின்தங்குவான்.

மூன்றாவது, கற்போனது படிநிலை யாது? 2015 ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் பல மொழிகளுக்கும் பயன்படுவது. வேண்டிய உறுப்புகளைச் சேர்த்துப் பெருக்கிக்கொள்ளத்தக்கது. ஆயினும் அவ்வுறுப்புகளைத் தேடிப் பொருத்துவதிலேயே புதியவனின் பொழுது கழியக்கூடும். தொடக்கத்தில் எளியது நன்று; தேர்ச்சி வளர வளரப் பெரியதை நாடலாம்.

நான்காவது, அப்பட்டறையைப் பேணி வளர்ப்போர் உளரா? மொழியின் இலக்கணம் காலந்தோறும் வளர்கிறது. அதனோடு வளராத பட்டறை நாளடைவில் பாழ்பட்ட கிணறாகும்.

இவ்வளவும் ஆராய்ந்து தேர்ந்த பின்னரும் மறவாதிருக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. புதிய பட்டறையில் 40,000 என்று சரியான விடை வந்தது மெய்யே. ஆனால், அதே மாணவன் அங்கே 50,000 ஐ 50,000 ஆல் பெருக்கிப் பார்ப்பானாயின், 250 கோடி என்னும் விடைக்கு மாறாக மீண்டும் ஓர் எதிர்மறை எண் தோன்றக் காண்பான். ஏனெனில், நான்கு பைட் முழு எண்ணுக்கும் எல்லை உண்டு, அது 2,14,74,83,647. புதிய கருவி எல்லையைத் தொலைவிற்குத் தள்ளியதே அன்றி, அதனை நீக்கவில்லை. எல்லை உண்டு என்று அறிந்தவன் பெரிய எண்ணுக்குரிய வகையைத் தேர்ந்து கணக்கை முடிப்பான். அறியாதவன் எந்தப் பட்டறையிலும் ஏமாறுவான்.

இக்காலப் பட்டறைகள் ஒரு சொல்லைத் தொடங்கியவுடன் எஞ்சியதைத் தாமே நிரப்பித் தருகின்றன. செயற்கை நுண்ணறிவின் துணையால் முழு நிரலையே எழுதித் தருவனவும் உள. தொழில் தேர்ந்தவனுக்கு இவை காலத்தை மிச்சப்படுத்தும். கற்கும் மாணவனுக்கோ, தான் அறியாததை அறிந்ததாக எண்ணும் மயக்கத்தை விளைக்கக்கூடும். ஆதலின் பொத்தானை அழுத்தி நிரலை இயக்கும் மாணவன், இடையிடையே எளிய திருத்தியில் எழுதி, நிரல்பெயர்ப்பியைத் தன் கையால் கட்டளையிட்டு அழைத்துப் பார்த்தல் நன்று. திரைக்குப் பின்னே நிகழ்வதை அப்பொழுது அவன் உணர்வான்.

நல்ல நெசவாளி தறியைக் குறை கூறான். தறியை அறியாமலும் நெய்யான். கருவியைத் தேர்வதில் கூர்மையும், அதனைக் கையாள்வதில் அடக்கமும் வேண்டும். சத்தியமங்கலம் பூச்சந்தையின் கணக்காயினும், விண்கலத்தின் வழிக்கணக்காயினும், விடை சரியா என்று இறுதியில் ஆராய வேண்டியவன் மனிதனே. பட்டறை பிழையைச் சுட்டிக் காட்டலாம். பிழையை உணர்ந்து திருத்தும் அறிவோ கற்பவனிடமே பிறத்தல் வேண்டும்.

பயிற்சி

1. ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழலின் மூன்று உறுப்புகள் யாவை? ஒவ்வொன்றின் பயனையும் எழுதுக.

2. அட்டைகளில் நிரல் எழுதிய காலத்து மாணவர்க்கு நேர்ந்த இடர்களை விளக்குக.

3. 200 ஐ 200 ஆல் பெருக்கியபோது −25,536 என்று விடை வந்தது ஏன்?

4. பட்டறையைத் தேர்வோன் வினவ வேண்டிய நான்கு வினாக்களைத் தொகுத்துரைக்க.

5. ‘புதிய கருவி எல்லையைத் தொலைவிற்குத் தள்ளியதே அன்றி, அதனை நீக்கவில்லை’ - இக்கருத்தைப் பிறிதோர் எடுத்துக்காட்டால் விளக்கிக் கட்டுரை வரைக.