நேற்றும் இன்றும்: ஆங்கில வினையில் ஒரு நுட்பம்

ஆங்கிலத்தில் நம் மாணவர் பலரும் இடறும் இடங்களுள் ஒன்று ‘பிரசண்ட் பெர்ஃபெக்ட்’ என்னும் காலம். ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்து அது அமையும் என்பதை யாவரும் அறிவோம். எந்தக் காலச் சொல்லோடு அது சேரும், எதனோடு சேராது என்பதில்தான் தடுமாற்றம். அவலாஞ்சிப் பக்கத்தைச் சேர்ந்தவன் ஆதலால் எங்கள் ஊர்ச் செய்திகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

தடுமாற்றத்திற்குக் காரணம் நம் தாய்மொழி வழக்கே. ஈரமான மண்ணைக் கண்டு ‘நேற்று மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். தமிழில் அது குற்றமன்று. அதையே ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் யெஸ்டர்டே’ என்று எழுதினால் பிழை. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘அகோ’ போன்றவை முடிந்துபோன காலத்தைச் சுட்டுவன. அவற்றிற்கு இறந்தகாலமே உரியது. ஆண்டைக் குறிப்பிடுவதும் அவ்வாறே. அவலாஞ்சியில் ட்ரவுட் மீன் பண்ணை 1907இல் அமைந்தது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஹேஸ்’ புகலாகாது.

‘சின்ஸ்’ தொடக்கத்தையும், ‘ஃபார்’ கால அளவையும் காட்டும். ‘இரண்டு ஆண்டுகளாகப் படிக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் ஸ்டடியிங் ஃபார் டூ இயர்ஸ்’ என்பது தவறு. ‘ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங்’ என்பதே சரி. ‘திஸ் மார்னிங்’ இருபக்கமும் நிற்கும்: காலையிலேயே சொன்னால் ‘ஹேவ்’ பொருந்தும், மாலையில் சொன்னால் இறந்தகாலம்.

இது வெறும் மதிப்பெண் செய்தியா? மண்சரிவுக் காலத்தில் ஓர் அறிவிப்பைக் கற்பனை செய்க. ‘த ரோட் வாஸ் க்ளோஸ்ட் ஃபார் த்ரீ டேஸ்’ என்றால் மூன்று நாள் மூடியிருந்த பாதை இப்போது திறந்துவிட்டது என்றே கொள்வோம். ‘ஹேஸ் பீன் க்ளோஸ்ட்’ என்றால் இன்னும் மூடியே கிடக்கிறது. நோயாளியை ஏற்றிக்கொண்டு எமரால்டு வழியாக உதகைக்குப் புறப்படும் ஓட்டுநருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆகவே நண்பர்களே, எழுதுமுன் ஒரு கேள்வி போதும்: நான் சொல்லும் காலம் முடிந்துவிட்டதா, இந்த நொடிவரை நீள்கிறதா? விடை தெரிந்தால் வினை தானே அமையும்.