காற்றுப் புகா வீடும் காஞ்சித் தறிவீடும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கட்டும்போது வரும் இடரை அது கூறுகிறது. கட்டி முடித்த பின் வரும் இடரும் ஒன்று உண்டு. அதுவே ஓதம். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம் ஆதலால், இங்கு ஓதம் சுவரை மட்டும் அரிப்பதில்லை; பிழைப்பையும் அரிக்கிறது. ஓட்டு வீடுகள் காங்கிரீட் வீடுகளாகி, அவற்றில் குளிர்சாதன அறைகளும் இடம்பெற்று வரும் இந்நாளில், காற்றுப் புகாக் கட்டடம் என்னும் கருத்து நம் ஊருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

பட்டும் ஈரமும்

பட்டு காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும் இயல்புடையது. 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் அது தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு நீரைக் கொண்டிருக்கும். காற்று மிக வறண்டால் இழை அறும். ஈரம் மிகுந்தாலோ வேறு தொல்லை: ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நெடுநேரம் 80 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் அங்குப் பூஞ்சை பிடிக்கும், ஜரிகையிலுள்ள வெள்ளியும் விரைவில் கறுக்கும்.

குழித்தறியில் பாவு தரையை ஒட்டி இருப்பதால் கோடையில் இழைக்குக் குளுமை கிடைக்கிறது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அதே குழியில் நீர் ஊறுகிறது. தறி நிற்கிறது, கூலியும் நிற்கிறது. ஆகவே நமக்கு வேண்டுவது ஈரமே இல்லாத வீடு அன்று. ஈரம் அளவோடு நிற்கும் வீடு.

நீர் நுழையும் வழிகள்

வீட்டிற்குள் நீர் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, மழை. இரண்டாவது, நிலத்தடி ஈரம் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறுதல். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்றதே இது. கி.பி. 700 அளவில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில் அடித்தளம் கருங்கல், மேற்பகுதி மணற்கல். கருங்கல்லில் நுண்துளைகள் மிகக் குறைவு. அது பாரத்தைத் தாங்குவதோடு, நீர் ஏறுவதையும் தடுக்கவல்லது. இன்றைய வீட்டில் அடிமட்டத்தின் மேல் இடப்படும் ஓதத்தடுப்பு அடுக்கு செய்யும் பணியும் இதுவே.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. கதவிடுக்கு, மின்குழாய்த் துளை ஆகியவற்றின் வழியே புகும் காற்று நீராவியைச் சுமந்து வருகிறது. சுவரினூடே ஊடுருவும் நீராவியைவிட இவ்வாறு கசியும் காற்றோடு வருவது பன்மடங்கு அதிகம்.

குளிர்நாடு கற்ற பாடம்

1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், கனடாவின் ரெஜினா நகரில் 1977-இல் ஒரு சேமிப்பு வீடு கட்டப்பட்டது. காற்றுக் கசியாத சுவர்களும், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றும் கருவியும் அதில் இருந்தன. கசிவை அடைத்தவர்கள் காற்றோட்டத்தையும் திட்டமிட்டு அமைத்தார்கள் என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அதே நாட்டின் வான்கூவர் பகுதியில் 1980-களிலும் 1990-களிலும் எழுந்த பல அடுக்ககங்களோ அழுகின. இறவாரம் குறைந்த சுவர்களுக்குள் சன்னலோரமாக மழைநீர் புகுந்தது. புகுந்த நீர் வடியவோ உலரவோ வழியில்லை. 1998-இல் அம்மாநில அரசு விசாரணை ஆணையம் அமைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

நம் ஊர்க் கணக்கு

குளிர்நாட்டில் நீராவி உள்ளிருந்து வெளியே செல்ல முயலும். இங்கோ, குளிரூட்டிய அறையை நோக்கி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வெளியே 32 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் எனக் கொள்க. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 25 கிராம் நீராவி இருக்கும். அறையை 24 டிகிரியிலும் 55 விழுக்காட்டிலும் வைக்க 12 கிராம் போதும். மீதி 13 கிராமைக் குளிர்சாதனம் நீராக்கி வெளியேற்ற வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியுள்ள அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். மணிக்கு ஒரு முறை அறைக்காற்று முழுதும் கசிவால் மாறினால், மணிக்கு ஒரு பெரிய தம்ளர் நீர்—சுமார் 370 மில்லி லிட்டர்—உள்ளே வருகிறது! அதை நீராக்க மட்டும் ஏறத்தாழ 250 வாட் குளிர்திறன் செலவாகும்.

இதே வெளிக்காற்றின் பனிநிலை 27 டிகிரி. குளிர்காற்று நேரே படும் சுவர் அதற்குக் கீழே இறங்கும். வெளிக்காற்று கசிந்து அச்சுவரைத் தொட்டால் சுவர் வியர்க்கும். அங்கே பீரோவும் அதனுள் பட்டுச் சேலையும் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

செய்யத் தக்கன

எல்லா அறைகளையும் ஒருசேர அடைப்பது தவறு. தறியறை திறந்த அறையாகவே இருத்தல் நலம். வீட்டின் அடிமட்டத்தை உயர்த்தி, தறிக்குழியின் அடியிலும் பக்கங்களிலும் நீர்புகாப் பூச்சு இட வேண்டும். வெக்கை மிகுந்த ஈரத் தட்பவெப்பப் பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும் என்று 2018-இல் வெளிவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா கூறுகிறது. பெரிய மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கான விதி எனினும், சிறு வீட்டுக்கும் இது நல்ல வழிகாட்டி.

குளிர்சாதன அறையின் இடுக்குகளை மட்டும் நன்கு அடைக்க வேண்டும். மூச்சுக்குரிய புதுக்காற்றைச் சிறு விசிறியால் அளவாக விட வேண்டும். உட்சுவரில் பிளாஸ்டிக் தாள் ஒட்டலாகாது. வெளியிலிருந்து வரும் நீராவி அதன் பின்னே சிக்கிப் பூஞ்சையாகும். நீராவியைத் தடுக்கும் பூச்சு வெளிப்புறம் இருக்கட்டும். உட்புறம் சுண்ணாம்புபோல் மூச்சுவிடும் பூச்சாக இருக்கட்டும். பீரோவைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது செலவில்லாத காப்பு. மேல்தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்து வெள்ளையடித்தால் மழையும் வெயிலும் ஒருங்கே தணியும்.

பாவும் ஊடையும் அளவறிந்து சேர்ந்தால்தான் சேலை. அடைப்பும் திறப்பும் அளவறிந்து சேர்ந்தால்தான் வீடு. எங்கே அடைப்பது, எங்கே திறப்பது என்பதைக் கட்டிய பின் அல்ல, கொத்தனார் நூல் பிடிக்கும் முன்பே தீர்மானிப்போமாக.