குழம்பு

பழவேற்காட்டு ஏரி ஆழமற்றது. ஆதலின் மீனவர் படகைக் கழி ஊன்றிச் செலுத்துவர். கழி ஊன்றுந்தோறும் அடிச்சேறு எழ, 'நீர் குழம்பிற்று' என்பர். மாலையில் அவர்தம் மனையில் மடவைமீன் கொதிக்கும் சட்டியில் இருப்பதும் குழம்பே. இவ்விரண்டும் ஒரு சொல்லோ, வெவ்வேறு சொற்களோ?

ஒரு சொல்லே என்க. கலங்குதலும், பல பொருள் கலந்து தடித்தலும் 'குழம்பு' என்னும் வினையின் பொருள்களாம். அதன் முதனிலையே விகுதி பெறாது பெயராகி, அத்தொழிலாற் பிறந்த பொருளுக்கு ஆகிவந்தது. வற்றல், துவையல் என்பன விகுதி பெற்று அவ்வாறு வந்தமை காண்க.

குழம்பாவதற்கு மீனும் வேண்டா, மிளகாயும் வேண்டா. மிளகாயோ 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரொடு இந்நாட்டிற்கு வந்தது. சந்தனக் குழம்பு மார்பிற் பூசுவது. அகத்தியர் குழம்பு சித்த மருந்து. மலையாளத்திற் குழம்பு என்பது உடம்பில் தேய்க்கும் தைலம்; அந்நாட்டு விருந்தில் சோற்றுக்குக் குழம்பு கேட்பார் சற்று எண்ணிக் கேட்டல் நன்று!

ஏரியின் வடகரைத் தெலுங்கர் மீன்குழம்பைச் 'சேப்பல புலுசு' என்பர். சேப்பலு என்பது மீன்கள்; புலுசு என்பது புளிப்பால் வந்த பெயர். ஒரே ஏரி மீனுக்கு அவர் சுவை நோக்கிப் பெயரிட்டனர். நாம் தடிப்பு நோக்கினோம்.