நாடகக் காட்சியும் நடைமுறை ஆங்கிலமும்

நம் மாணாக்கருட் பலர் பரீட்சையில் ஆங்கிலப் பாடத்திற் சிறப்புச் சித்தி பெறுகின்றனர். இலக்கண விதிகளை ஒப்புவிக்கவும், கட்டுரை வரையவும் அவர் வல்லவர். எனினும், தொழில் வேண்டி நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுங்கால், எளிய வினாவொன்றிற்கு விடையிறுக்க நாவெழாது நிற்கின்றனர். கைக்கெட்டிய தொழிலையும் இழக்கின்றனர். அவர்தம் அறிவிற் குறைவில்லை. ஏட்டு ஆங்கிலத்தைக் கற்ற அவர், வீட்டிலும் வீதியிலும் வழங்கும் ஆங்கிலத்தைக் கேட்டிலர். இக்குறையை நீக்குதற்குத் தொலைக்காட்சி நாடகக் காட்சிகள் எங்ஙனம் துணை செய்யும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நாம் முதன்முறை இலண்டன் மாநகர் சென்றிருந்தபோது, ஒருநாள் மாலை கடையொன்றினுட் புகுந்தோம். பணிப்பெண் புன்முறுவலுடன், 'ஐ ஆம் அஃப்ரெயிட் வீ ஆர் குளோஸ்ட்' என்றாள். 'அஃப்ரெயிட்' என்பதற்கு 'அஞ்சிய' என்னும் பொருளையே நாம் கற்றிருந்தோம். கடை பூட்டுதற்கு இவள் அஞ்சுவது ஏன் எனத் திகைத்து நின்றோம். மறுப்பை மென்மையாகக் கூறுதற்கு ஆங்கிலேயர் கையாளும் உபசார மொழி அஃது என்பது பின்னரே விளங்கிற்று. நாடகமொன்றில் அதனை இருமுறை கேட்டிருப்போமாயின், அத்திகைப்பு நேர்ந்திராது.

அகராதி சொல்லின் பொருளைத் தரும். அச்சொல் வழங்கும் இடத்தையும் தொனியையும் முற்றாகத் தரவல்லதன்று. காட்சியிலோ சொல்லும், முகக்குறிப்பும், குரலின் ஏற்றத்தாழ்வும், கையிலுள்ள பொருளும் ஒருங்கே வருகின்றன. 'சொரி' என்னும் சொல் தாழ்ந்த குரலில் மன்னிப்பை வேண்டும்; உயர்ந்த குரலில் வினாவாக ஒலிப்பின், 'மறுபடியும் கூறுங்கள்' எனப் பொருள்படும். இவ்வேறுபாட்டைச் செவியே கற்பிக்க வேண்டும்.

'புட்' என்னும் சிறு வினைச்சொல்லை நோக்குக. 'வை' என்பது அதன் பொருள் எனப் பாலரும் அறிவர். ஆயின், 'புட் ஒன்' என்றால் உடையை அணிதல். அதனையே கேத்தலோடு சேர்த்துக் கூறின், நீரைக் கொதிக்க வைத்தல். 'புட் ஒஃப்' என்றால் ஒத்திவைத்தல்; 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல். அன்றாடப் பேச்சு இத்தகைய சிறு சொற்களின் கூட்டுறவாலேயே பெரிதும் நடைபெறுகின்றது. அரிய சொற்களைத் தேடித் திரிவோர் இவற்றைக் கைவிடுவது வருந்தத்தக்கது.

இதற்கு எத்துணைச் சொற்கள் வேண்டும்? மைக்கல் வெஸ்ட் என்னும் அறிஞர் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள. வெப், ரொட்ஜேர்ஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 88 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் மொழியை ஆராய்ந்து, 2009இல் தம் முடிபை வெளியிட்டனர். 3,000 சொற்குடும்பங்களையும் ஆட்பெயர், இடப்பெயர் முதலியவற்றையும் அறிந்தார்க்கு, அங்கு வழங்கும் சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து விளங்கும் என்பது அவர் கண்டது. எஞ்சிய ஐந்தைக் காட்சியின் துணைகொண்டு ஊகித்தல் பெரும்பாலும் இயலும்.

எந்நாடகத்தைத் தெரிவது? வடஇங்கிலாந்தின் ஒரு தெருவில் வாழும் எளிய மக்களின் கதையாய் 1960 டிசம்பரில் தொடங்கிய 'கொரொனேஷன் ஸ்ட்ரீட்' நாடகத்தில் அடுக்களைப் பேச்சும் கடைப் பேச்சும் மலிந்துள்ளன. எனினும் அவ்வட்டார உச்சரிப்பு புதியவர்க்குச் சற்றுக் கடினமாகும். 1975இலும் 1979இலும் வெளிவந்த 'ஃபோல்ட்டி டவர்ஸ்' பன்னிரண்டே பகுதிகளை உடையது. அதில் வரும் பார்சலோனா நகரத்துப் பணியாளன் மனுவேல், ஆங்கிலம் அரைகுறையாய் அறிந்து படும்பாடு நகைப்பை விளைவிக்கும். கற்போர்க்கு அது பாடமுமாகும்.

பயிலும் முறையைச் சுருங்கக் கூறுவோம். மூன்று நிமிடத்திற்கு மேற்படாத காட்சியொன்றைத் தெரிக. முதன்முறை எழுத்தின்றிக் கண்டு, நிகழ்ந்தது யாதென ஊகிக்க. இரண்டாமுறை ஆங்கில எழுத்துக்களோடு கண்டு, ஐந்து சொற்றொடர்களை மட்டும் குறித்துக்கொள்க. தமிழ் மொழிபெயர்ப்பை நாடற்க. கண் தமிழிற் செல்லின் செவி உறங்கிவிடும். மூன்றாமுறை ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, நடிகரின் தொனியிலேயே உரக்கச் சொல்லுக. பின்னர் நண்பர் இருவர் அக்காட்சியைத் தாமே நடித்தல் நன்று. பத்து நாடகங்களை வாளா பார்த்தலினும் ஒரு காட்சியைப் பத்துமுறை பயிறல் சிறந்ததாம்.

எச்சரிக்கையும் வேண்டும். சினந்து பேசும் பாத்திரத்தின் சொல்லை அலுவலகத்திற்குக் கொண்டு செல்லலாகாது. ஆங்கிலேயர் 'லிஃப்ட்' என்பதை அமெரிக்கர் 'எலிவேற்றர்' என்பர். யார் வழக்கு எதுவென அறிந்து கொள்க.

தொலைக்காட்சி நம் நாட்டிற்கு 1979இலேயே வந்தது. அதற்கு முன் இங்கு கற்ற மூத்த பழைய மாணவர் பலர் நூலையும் வானொலியையும் துணைக்கொண்டே ஆங்கிலம் பயின்றனர். இன்றைய மாணாக்கர்க்கோ காட்சி கைத்தொலைபேசியிலேயே கிட்டுகின்றது. வேண்டியவிடத்து நிறுத்தவும் மீட்டுக் கேட்கவும் இயலும். எனினும், கருவி கற்பியாது. நாவைப் பழக்குவார்க்கே மொழி வசமாகும். பிழை நேருமென நாணி வாய் திறவாதிருத்தலே பெரும் பிழை. நம் இளைஞர் இன்றே ஒரு காட்சியைத் தொடங்குவாராக.