ஒரு நாளில் எவ்வளவு எழுதுகிறாய்?

அன்புள்ள யாழினிக்கு,

வீட்டு மீடியா சர்வருக்கு வாங்க நினைக்கும் எஸ்எஸ்டிகளின் பட்டியல் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் வேகமும் விலையும் குறித்திருக்கிறாய். படம் பார்ப்பதற்கு மட்டும்தான் சர்வர் என்றால் எதை வாங்கினாலும் சரி என்பேன். ஆனால் நான்கு கேமராக்களின் பதிவும் இரவு பகலாக அதில்தான் விழப்போகிறது. ஆகவே நீ முதலில் தேட வேண்டிய எண் டிபிடபிள்யூ. உத்தரவாதக் காலத்துக்குள் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்று நிறுவனம் தரும் அளவு அது.

எழுதுவதற்கு ஏன் வரம்பு என்று நீ கேட்பாய். ஃபிளாஷ் செல்லில் தகவல் மின்னூட்டமாக இருக்கிறது. மெல்லிய ஆக்சைடு படலத்தின் ஊடாக எலக்ட்ரான்களை உயர் மின்னழுத்தத்தால் உள்ளே தள்ளினால் எழுத்து. வெளியே இழுத்தால் அழிப்பு. ஒவ்வொரு முறையும் படலம் கொஞ்சம் பழுதாகி, மின்னூட்டம் கசியத் தொடங்குகிறது. டிஎல்சி செல்லில் மூன்று பிட்டுக்காக 8 மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சியில் நான்கு பிட், 16 நிலைகள். நிலைகள் நெருங்கிவிட்டதால் சிறு கசிவே தகவலைக் குழப்பிவிடும். அதனால்தான் ஒரே 1 டெராபைட்டில் கியூஎல்சி வகையான சாம்சங் 870 கியூவிஓவுக்கு டிபிடபிள்யூ 360, டிஎல்சி வகையான 870 ஈவோவுக்கு 600. நாஸ் வேலைக்கென்றே வந்த டபிள்யூடி ரெட் எஸ்என்700-க்கு 2,000.

இனி உன் கணக்கு. கேமராவுக்கு 4 மெகாபிட் என்று வைத்தால், நான்கும் சேர்ந்து நொடிக்கு 2 மெகாபைட். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 173 ஜிகாபைட், ஆண்டுக்கு 63 டெராபைட். கியூவிஓவின் 360 ஆறு ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். அதற்கு உத்தரவாதமும் மூன்றே ஆண்டு. ஈவோ ஒன்பதரை ஆண்டு தாங்கும். இது நீண்ட ஓட்டமாக எழுதும் காட்சிக்கான கணக்கு. டேட்டாபேஸ் போலத் துண்டு துண்டாக எழுதுவது வேறு கதை. ஃபிளாஷில் எழுதுவது சிறு பக்கங்களாக; அழிப்பதோ பல மெகாபைட் கொண்ட பெரிய தொகுதியாக. சில கிலோபைட்டை மாற்றினாலும், தொகுதியை விடுவிக்க அதிலுள்ள மற்ற தகவலை வேறிடத்தில் திரும்ப எழுத வேண்டிவரும். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப இந்த வீண் எழுத்து கூடும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே விட்டுவை.

என்னைக் கேட்டால் கேமராப் பதிவை எஸ்எஸ்டியில் வைக்கவே மாட்டேன். கண்காணிப்புக்கென்று வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் ஹார்ட் டிஸ்க்குகள் ஆண்டுக்கு 180 டெராபைட் வேலைக்கானவை. உன் 63 அவற்றுக்குச் சுலபம். படங்களும் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். இயங்குதளம், மீடியா சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபினின் டேட்டாபேஸ், போஸ்டர் படங்கள் மட்டும் எஸ்எஸ்டிக்கு. டிரான்ஸ்கோட் செய்யும் தற்காலிகக் கோப்புகளை, ரேம் போதுமான அளவு இருந்தால் அங்கே திருப்பிவிடு. 8 மெகாபிட்டில் ஓடும் இரண்டு மணி நேரப் படம் ஒவ்வொரு முறையும் 7 ஜிகாபைட்டுக்கு மேல் எழுதும். பார்த்து முடித்ததும் அதனால் ஒரு பயனும் இல்லை.

சத்தம் ஆகாது, எல்லாம் எஸ்எஸ்டிதான் என்று முடிவெடுத்தால், டேட்டா சென்டரிலிருந்து கழித்துவிட்ட பழைய எஸ்எஸ்டிகளையும் பார். இன்டெல் டிசி எஸ்3700-இன் 400 ஜிகாபைட் வகை 7,300 டெராபைட் எழுத்துக்கானது. திடீரென்று கரண்ட் போனால் கையிலிருக்கும் தகவலை எழுதி முடிக்க உள்ளேயே கெபாசிட்டர் உண்டு. வீட்டு உபயோக எஸ்எஸ்டிகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. பழையதை வாங்கினால் ஸ்மார்ட் அறிக்கையில் தேய்மானத்தைப் பார்த்த பிறகே பணம் கொடு.

இப்போது கையிலுள்ள எஸ்எஸ்டியிலேயே சர்வரை ஒரு வாரம் ஓட்டு. அது என்விஎம்ஈ என்றால் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி காட்டும் ‘டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்’ எண்ணை முதல் நாளும் கடைசி நாளும் குறித்துக்கொள். ஒரு யூனிட் 5,12,000 பைட். வித்தியாசத்தை அதால் பெருக்கி எனக்கு எழுது. எந்த மாடல் என்பதை அதன் பிறகு முடிவுசெய்வோம்.

அன்புடன்,
மாமா