காசாளரின் கேள்வி

ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். சிங்கப்பூரில் உள்ள ஒரு வங்கிக்கு மூதாட்டி ஒருவர் வருகிறார். தம் சேமிப்பிலிருந்து 40,000 வெள்ளியை உடனே எடுக்க வேண்டும் என்கிறார். கைத்தொலைபேசி அழைப்பை மட்டும் அவர் துண்டிக்கவே இல்லை.

“இவ்வளவு பணம் எதற்கு, அம்மா?” என்று காசாளர் பணிவுடன் கேட்கிறார். மூதாட்டி தடுமாறுகிறார்.

பதற்றம், அவசரம், யாரோ சொல்லிக் கொடுத்தது போன்ற பதில் ஆகியவை மோசடியின் அறிகுறிகள். இவற்றைக் கண்டதும் காசாளர் மேலாளரிடம் தெரிவிப்பார். தேவைப்பட்டால் காவல்துறையும் அழைக்கப்படும்.

சில வேளைகளில் வாடிக்கையாளர் மீதே ஐயம் எழலாம். குறைந்த வருமானம் உடைய ஒருவரின் கணக்கில் திடீரெனப் பெருந்தொகை சேர்ந்து, உடனே வேறு கணக்குகளுக்குச் செல்லலாம். கணக்கைப் பிறருக்கு இரவல் கொடுத்தவர்களும் இவ்வாறு சிக்கிக்கொள்வதுண்டு.

இத்தகைய நிலையில் காசாளர் வங்கியின் உரிய அதிகாரிக்குத் தகவல் தருவார். வங்கி அதனை ஆராய்ந்து, காவல்துறையின் வர்த்தக விவகாரப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பும். குற்றத்தை மெய்ப்பிப்பது காசாளரின் வேலையன்று. ஐயத்தை மறைக்காமல் தெரிவிப்பதே அவர் கடமை. அறிக்கையைப் பற்றி வாடிக்கையாளரிடம் கூறி விசாரணைக்கு ஊறு விளைவிப்பது சட்டப்படி குற்றமாகும்.

மூதாட்டிக்கு என்ன ஆனது? காவல் அதிகாரி எனக் கூறி அவரை மிரட்டியவன் ஒரு மோசடிக்காரன். நமக்கும் இத்தகைய அழைப்பு வந்தால், 1799 என்னும் உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். மூதாட்டியின் வாழ்நாள் சேமிப்பைக் காத்ததும் ஒரு கேள்விதான்.