சேமித்த மாத்திரத்தில் திரை மாற: எந்த உபாயம் யாருக்கு?

மைசூர் ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் நடத்தும் பயிற்சி வளாகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேரும் இளைஞரானாலும், சரஸ்வதிபுரத்து வாடகை அறையொன்றில் அமர்ந்து தாமே கற்பவரானாலும், வலைப்பக்கம் செய்யப் புகுந்தவருக்கு முதலில் நேரும் சிரமம் ஒன்றே: ஒரு வரியைத் திருத்துவது, சேமிப்பது, பிரவுசருக்குத் தாவி எஃப்5 விசையை அழுத்துவது என்னும் மூன்று காரியங்களை நாள் முழுதும் செய்துகொண்டேயிருக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதைத் தாமே ஏற்கும் கருவிகள் பல உண்டு. கோப்பு மாறுகிறதா என்று கவனித்திருந்து, மாறியதும் வெப்சாக்கெட் இணைப்பு வழியே பிரவுசருக்கு அறிவிப்பதே அவற்றின் பொது யுக்தி. யுக்தி ஒன்றேயாகையால், பக்கம் புதிதாகும்போது நாம் எதை இழக்கிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

முதலாவது, விஎஸ் கோட் எடிட்டரோடு சேரும் லைவ் சர்வர். அமைப்புக் கோப்பு எதுவும் எழுதாமல், ஒரு பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் 5500 போர்ட்டில் பக்கம் திறக்கும். சிஎஸ்எஸ் திருத்தம் பக்கத்தைக் குலைக்காமல் வந்து சேரும். ஜாவாஸ்கிரிப்ட் மாறினாலோ பக்கம் முழுவதும் மறுபடி ஏறி, பாதி நிரப்பிய படிவம் காலியாகிவிடும்.

இரண்டாவது, பிரவுசர்சிங்க். பட்டுச்சேலைக் கடையொன்றுக்கு வேர்ட்பிரஸ் தளம் அமைப்பவர், இயங்கிக்கொண்டிருக்கும் பிஎச்பி சர்வருக்கு முன்னால் இதைப் பிராக்ஸியாக நிறுத்திவிடலாம். அதே வைஃபையிலுள்ள கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் பக்கம் ஒருங்கே புதிதாவதோடு, ஒன்றில் ஸ்குரோல் செய்தால் மற்றதும் உடன் நகர்வது இதன் பிரத்தியேக சௌகரியம்.

மூன்றாவது, 2020இல் இவான் யூ வெளியிட்ட வீட் என்னும் கருவி. ஞாயிறு மாலைகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகளோடு ஒளிரும் மைசூர் அரண்மனையில் ஒரு பல்பு பழுதானால், அத்தனையையும் அணைத்து மறுபடி ஏற்றுவார் உண்டோ? அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதைப் போன்றதே ஹாட் மாட்யூல் ரீப்ளேஸ்மெண்ட் என்னும் முறை. ரியாக்ட், வியூ போன்றவற்றில் எழுதுகையில் மாறிய பகுதி மட்டும் மாறும். ஐந்து திரை கடந்து வந்து நிரப்பிய படிவம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். மாற்றத்தை ஏற்கும் பகுதி எதுவும் இல்லையெனில் வீட் கருவியும் முழுப் பக்கத்தையே மறுபடி ஏற்றும்.

ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் டிரைவிலுள்ள கோப்புகளை, விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்2 வழியே திறந்து வேலை செய்தால், மாற்றச் செய்தி கருவிக்கு எட்டாமல் போகலாம். கோப்புகளை லினக்ஸ் பகுதிக்கே மாற்றுவது உத்தமம். இயலாதவர், கருவியே கோப்புகளை அடிக்கடி சோதித்துப் பார்க்கும் போலிங் முறையை இயக்கலாம், ஆனால் பிராசசரின் உழைப்பு அதிகரிக்கும்.

எனவே, கற்கத் தொடங்குவோர் லைவ் சர்வரையும், பிஎச்பி தளம் செய்வோரும் பல சாதனங்களில் ஒருங்கே பரிசோதிப்போரும் பிரவுசர்சிங்கையும், ரியாக்ட் முதலியவற்றில் எழுதுவோர் வீட் கருவியையும் கைக்கொள்க. எதைக் கைக்கொண்டாலும், வேலையை ஒப்படைக்கும் முன் ஒருமுறை கைப்பட எஃப்5 அழுத்திப் பார்த்துவிடுக. பழைய நிலையின் தயவில் ஓடிக்கொண்டிருந்த பிழை அப்போதுதான் வெளிப்படும், வாடிக்கையாளர் பக்கத்தைத் திறப்பதும் அவ்வாறு புதிதாகவே.